சாவி யார் கையில்?

திருமானூரில் கொள்ளிடக் கரையோரம் பம்புசெட்டைப் பழுதுபார்க்கும் தொழிலாளி என்ன செய்கிறார்? பியூஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டுதான் மோட்டாரைத் தொடுகிறார். அதுதான் அவர் உயிருக்குக் காவல்.

துறைமுகத்திலும் இதே நியாயம் வேண்டும் என்கிறோம். தூத்துக்குடி போன்ற பெருந்துறைமுகங்களில் நிற்கும் கப்பல்கள் டீசல் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டுக் கரை மின்சாரம் பெற வேண்டும் என்று 2023-ல் மத்திய சர்க்கார் ‘ஹரித் சாகர்’ வழிகாட்டி வெளியிட்டது. புகை குறையும், வரவேற்கிறோம். ஆனால் கேபிளை மாட்டுகிறவன் கதி என்ன?

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பெரும்பாலான கப்பல்களில் 60. அதை மாற்றித் தர இயந்திரம் வேண்டும். ஸ்விட்சை அணைத்துப் பூட்டி, எர்த் சரிபார்த்து, பேஸ் வரிசையைச் சோதித்த பிறகே மின்சாரம் விடவேண்டும். பேஸ் மாறினால் கப்பல் மோட்டாரும் தலைகீழாகத்தான் சுற்றும்!

இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். நேரம் முதலாளிக்கு லாபம். “சீக்கிரம் மாட்டு” என்று விரட்டுவது கான்ட்ராக்டர்; கருகுவது கூலித் தொழிலாளி!

துறைமுகத் தொழிலாளர் பாதுகாப்புக்கென்று 1986-ல் தனிச் சட்டம் வந்தது. 2025 நவம்பர் 21-ல் அதையும் பொதுத் தொகுப்புச் சட்டத்தில் கரைத்துவிட்டார்கள்.

ஆலைத் தோழர்களே, வயல் தோழர்களே! பூட்டின் சாவி கேபிளைத் தொடுகிறவன் மடியில் இருக்கட்டும்! அதுவரை கேபிளைத் தொடோம் என்று சொல்லும் உரிமை வேண்டும். சங்கமாகச் சேர்ந்து அதைப் பெறுவோம்!