ஐயாயிரம் வாட் என்னும் பொய்

பசறைப் பக்கத்து வாசகர் ஒருவர் மின்னஞ்சலில் கேட்டிருந்தார்: "வீட்டில் பாட்டுக் கேட்க ஓர் அம்பிளிஃபயர் வேண்டும். பதுளைக் கடையொன்றில் 5,000 வாட் என்று எழுதிய பெட்டியைக் காட்டுகிறார்கள். வாங்கலாமா?" அவருக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுவிட்டது. பலருக்கும் உதவக்கூடும் என்பதால் இங்கே பதிகிறேன்.

வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

முகப்பில் இருக்கும் அந்த எண்ணுக்குப் பிஎம்பிஓ என்று பெயர். கணநேர உச்சத்தைக் குறிப்பதாகச் சொல்லப்படும் இதற்கு எல்லோரும் ஏற்ற அளவுமுறை எதுவும் கிடையாது. பெட்டியைத் திருப்பிப் பின்புறத் தகட்டைப் படியுங்கள். 230 வோல்ட், 60 வாட் என்பதுபோல ஏதேனும் பொறித்திருக்கும். சுவரிலிருந்து 60 வாட் எடுக்கும் கருவி தொடர்ந்து 5,000 வாட் தர இயலாது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் உள்ளங்கையளவு டி வகுப்புக் கருவிகளிலும் இதே கதைதான். 12 வோல்ட் மின்னூட்டியில் இயங்கும் ஒன்று, 8 ஓம் ஸ்பீக்கருக்குத் திரிபின்றித் தரக்கூடியது கணக்குப்படி ஒரு பக்கத்துக்கு 9 வாட்டைத் தாண்டாது. அது குறையன்று, அதற்கு மேல் எழுதி விற்பதே குற்றம்.

இனி, நமக்கு எவ்வளவு வாட் தேவை? சாதாரண ஸ்பீக்கர் ஒன்று, ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீற்றர் தொலைவில் 87 டெசிபல் அளவுக்கு ஒலிக்கும். இருவர் பேசிக்கொள்வது ஏறத்தாழ 60 டெசிபல்தான். வாட்டை இரட்டித்தால் கூடுவது வெறும் 3 டெசிபல். 20 வாட் கொடுத்தால் 100 டெசிபல் வரும். லயன் வரிசை முழுவதும் எழுந்துவிடும்.

லயனை வேண்டுமென்றேதான் குறிப்பிடுகிறேன். தோட்டத்து மக்களுக்குச் சத்தத்துக்கு ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. விடியுமுன் பிரட்டுத் தப்பு; கோயில் திருவிழாவென்றால் குழாய் ஒலிபெருக்கி. அவையெல்லாம் ஊருக்காக ஒலித்தவை. காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே ஒரே சுவர் இருக்கும் இடத்தில், அயலாரின் உறக்கத்தைக் கெடுக்காமல் தனக்குப் பிடித்த பாட்டைத் தன் வீட்டுக்குள் முழுமையாகக் கேட்பதுதான் அரிது. ஆகவே நமக்கேற்ற அம்பிளிஃபயர், மெல்ல ஒலிக்கும்போது நன்றாக ஒலிப்பது. மதிப்பிட வேண்டியது முதல் ஒரு வாட்டை.

1978இல் வெளிவந்த நாட் 3020 இதற்கு நல்ல சான்று. முன்பெருக்கியையும் வலுப்பெருக்கியையும் ஒரே பெட்டிக்குள் அடக்கிய, ஆடம்பரமற்ற, மலிவான கருவி அது. நோர்வேக்காரரான எரிக் எட்வர்ட்சன் வடிவமைத்தார். அறிவித்த வலு ஒரு பக்கத்துக்கு 20 வாட் மட்டுமே. ஆயினும் இசையின் குறுகிய உச்சங்களில் அதைவிட அதிகம் தந்தது. கடினமான ஸ்பீக்கர்களையும் தளராமல் இயக்கியது. அதனாலேயே உலகெங்கும் பெரிதும் விற்பனையாயிற்று.

கடையில் செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் நான்கு.

முதலாவது, எந்தப் பாட்டும் ஓடாதபோது ஒலியைக் கூட்டி ஸ்பீக்கரருகே காது வையுங்கள். தொடர்ச்சியான ரீங்காரம் கேட்டால் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, 1960களின் திரைப்பாடல் ஒன்றை மிக மெல்ல ஒலிக்கவிடுங்கள். அவற்றில் பெரும்பாலானவை ஒற்றைத் தடத்தில் பதிவானவை. பாடகரின் குரல் இரு ஸ்பீக்கர்களுக்கும் நட்டநடுவே நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஒலியளவுத் திருகு சரியில்லை.

மூன்றாவது, நாதசுரமும் தவிலும் சேர்ந்த பதிவு ஒன்று. நாதசுரம் காதைக் கீறக் கூடாது. தவிலின் தொப்பிப் பக்கத்து அடி ஒவ்வொன்றும் தனித்துக் கேட்க வேண்டும்.

நான்காவது, பேஸ் திருகு இருக்கிறதா என்று பாருங்கள். ஒலி குறையும்போது நம் காது தாழ்ந்த சுருதிகளையே முதலில் இழக்கிறது. அதைத் திருகால் ஈடுசெய்வதை இழிவாகப் பேசும் இசைப்பித்தர்கள் பெரிய தனிவீடுகளில் வசிப்பவர்கள்.

புலம்பெயர்ந்த உறவினர்களுக்கும் ஒரு சொல். கனடாவிலிருந்து பழைய கருவியை அனுப்புமுன் அது 230 வோல்ட்டை ஏற்குமா என்று பாருங்கள். அங்கே 120 வோல்ட். மாற்றியில்லாமல் இங்கே செருகினால் எரிந்துபோகும்.

2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் 20,000 ரூபாய்ப் பெட்டியென்பது பதினைந்து நாள் மலையேறிக் கொழுந்து பறித்த உழைப்பு. பொய்யான எண்ணால் ஏமாறுவது இந்தப் பணம்தான்.

அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு, வீட்டு அம்பிளிஃபயர்களின் வாட் விளம்பரத்துக்கு 1974இலேயே விதி வகுத்தது. 2024இல் அதைத் திருத்தி, 8 ஓம் சுமையில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, 1 சதவீதத்துக்குக் குறைவான திரிபுடன் அளக்க வேண்டுமென வரையறுத்தது. நம் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. பொருட்களின் மீது என்ன எழுதப்பட வேண்டுமெனப் பணிக்கும் அதிகாரமும் அதற்கு உண்டு. தொடர்ச்சியான வாட், எத்தனை ஓமில், எவ்வளவு திரிபில் என்ற மூன்றையும் பெட்டியின் முகப்பில், தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட வேண்டுமென்று அது கட்டளையிடட்டும். அதுவரையில், வாசகரே, பெட்டியைத் திருப்பிப் பாராமல் பணத்தை எடுக்காதீர்கள்.