வரைந்த வட்டம் எங்கே போகிறது?

பொத்தானை அழுத்தியதும் திரையில் ஒரு சிவப்பு வட்டம் வருகிறது. எழுதிய மாணவருக்குப் பெருமை தாங்கவில்லை. நண்பரைக் கூப்பிட்டுக் காட்டுவதற்குள் ஜன்னலைக் கீழே சுருக்குகிறார். திரும்ப விரித்தால் வட்டத்தைக் காணோம். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, நிரலில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. விண்டோஸில் கணினிச் செயலி எழுதத் தொடங்கும் பெரும்பாலோர் முதல் மாதத்திலேயே முட்டிக்கொள்ளும் சுவர் இது.

சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையில் நாவலூரிலிருந்து தெற்கே போனால் சிறுசேரி சிப்காட் பூங்கா. இன்னும் கொஞ்சம் போனால் படூர், கேளம்பாக்கம், காலவாக்கம் என்று வரிசையாகக் கல்லூரிகள். படிப்பை முடித்துவிட்டுச் சில கிலோமீட்டர் வடக்கே நகர்ந்தாலே வேலை என்ற கனவோடு இந்தச் சாலையில் பேருந்து ஏறுகிறவர்கள் ஏராளம். அவர்களுக்குக் கணினியில் படம் வரையக் கற்றுத்தரும் முறை மட்டும் முப்பது வருடம் பின்தங்கிக் கிடக்கிறது.

வட்டம் மறைவதற்குக் காரணம் எளிது. விண்டோஸ் முதன்முதலில் வெளிவந்தது 1985 நவம்பரில். அதற்குத் தேவைப்பட்ட நினைவகம் 256 கிலோபைட். அந்தக் காலத்து ஈஜிஏ அட்டையில் 640க்கு 350 புள்ளிகள், 16 நிறங்கள். ஒரே ஒரு முழுத்திரைப் படத்தைச் சேமித்து வைக்கவே 1,12,000 பைட் வேண்டும். நாலு ஜன்னல் திறந்தால் நினைவகம் காலி. ஆகவே விண்டோஸை வடிவமைத்தவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: ஜன்னலுக்குள் என்ன இருந்தது என்பதை இயங்குதளம் ஞாபகம் வைத்துக்கொள்ளாது. தேவைப்படும்போது ‘மறுபடி வரை’ என்று நிரலுக்கு ஒரு செய்தி அனுப்பும். வரைவது நிரலின் பொறுப்பு.

இன்று நினைவகம் மலிந்துவிட்டது. 2007இல் வந்த விஸ்டாவுக்குப் பிறகு, ஒரு ஜன்னலை இன்னொரு ஜன்னல் மறைத்தால் மட்டும் படம் அழிவதில்லை. ஆனால் அடிப்படை ஒப்பந்தம் அப்படியே இருக்கிறது. சுருக்கி விரித்தால், அளவை மாற்றினால் அந்தச் செய்தி வரத்தான் செய்யும். பொத்தானுக்குரிய நிரலுக்குள் வட்டத்தை வரைந்த மாணவர், அந்தச் செய்திக்குப் பதில் எதையும் எழுதி வைக்கவில்லை. அவர் செய்திருக்க வேண்டியது இவ்வளவுதான்: எங்கே, எவ்வளவு பெரிய வட்டம், என்ன நிறம் என்பதை ஒரு பட்டியலில் குறித்துக்கொள்வது, வரையச் சொல்லிச் செய்தி வரும்போதெல்லாம் அந்தப் பட்டியலைப் பார்த்து வரைவது. பழைய விஷுவல் பேசிக்கில் ‘ஆட்டோரீட்ரா’ என்று ஒரு விசை இருந்தது. அதைப் போட்டுவிட்டால் படம் நிற்கும். ஏன் நிற்கிறது என்று தெரியாமலே அதைப் போட்டுப் பட்டம் வாங்கியவர்கள் நம்மிடையே நிறையப் பேர்.

இதை யாரும் சொல்லித்தராததற்குக் காரணம், பல கல்லூரிகளின் கிராஃபிக்ஸ் லேபில் ஜன்னல் என்ற பேச்சே இல்லை. அங்கே ஆட்சி செய்வது டர்போ சி. அதன் வாரிசான டர்போ சி++இன் பிரபலமான 3.0 பதிப்பு 1991இல் வந்தது. அது டாஸ் காலத்து 16 பிட் செயலி என்பதால் இன்றைய 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது. டாஸ்பாக்ஸ் என்ற வேறொரு செயலியை நிறுவி, பழைய கணினி ஒன்று இருப்பதாகப் பாவனை செய்து, அதற்குள் ஓட்டவேண்டும். இருபது வயதுப் பிள்ளை, தான் பிறப்பதற்கு முன்பே ஓய்வுபெற்ற ஓர் இயந்திரத்தின் பாவனைக்குள் உட்கார்ந்து கோடு போடுகிறது.

அங்கேயும் நிம்மதி கிடையாது. வரையத் தொடங்குமுன், திரையை இயக்கும் கோப்பு எந்த அடைவில் இருக்கிறது என்று சொல்லவேண்டும். சி டிரைவுக்குள் டிசி, அதற்குள் பிஜிஐ என்று பின்சாய்கோடு போட்டுச் சின்ன எழுத்தில் எழுதுவார்கள். சி மொழியில் பின்சாய்கோட்டுக்கு அடுத்து டி வந்தால் அது டேப். பி வந்தால் ஓரெழுத்துப் பின்னகர்வு. முகவரி முழுவதும் குழம்பிப்போய், கிராஃபிக்ஸ் தொடங்கப்படவில்லை என்று ஒரு செய்தி வந்து நிற்கும். பின்சாய்கோட்டை இரண்டு முறை போடவேண்டும் என்பதை சீனியர் யாராவது காதில் ஓதினால்தான் உண்டு. ரெக்கார்டு நோட்டில் அந்த வரி வழிவழியாகப் பிரதி எடுக்கப்படுகிறது, மந்திரம் போல.

டர்போ சியைக் குறை சொல்வது அதில் நடத்தப்படும் பாடத்தைக் குறை சொல்வதாகாது. 1962இல் ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் ஜாக் பிரெசென்ஹாம், காகிதத்தில் பேனாவால் வரையும் ஒரு பிளாட்டருக்காகக் கண்டுபிடித்த வழி இன்றும் அழகுதான். பெருக்கல், வகுத்தல், தசமம் எதுவும் இல்லாமல், வெறும் முழு எண்களைக் கூட்டியும் கழித்தும் சாய்வான கோட்டுக்கு எந்தப் புள்ளியை ஏற்றவேண்டும் என்று அது தீர்மானிக்கிறது. அதைப் படிக்கட்டும். ஆனால் அதைப் படிக்க 1991க்குப் போகவேண்டிய அவசியம் இல்லை.

அடுத்த குழப்பம் திசை. பள்ளியில் வரைபடத்தாளில் ஒய் அச்சு மேலே ஏறுகிறது. பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் வரும் ஸ்கிராட்சிலும், பைத்தானின் டர்ட்டிலிலும் தொடக்கப்புள்ளி நடுவில். மேலே போனால் எண் கூடும். அதே மாணவர் அதே பைத்தானில் டிகே-இன்டர் கேன்வாஸுக்கு வந்தால் தொடக்கப்புள்ளி இடது மேல் மூலைக்குப் போய்விடுகிறது, கீழே இறங்க இறங்க எண் கூடுகிறது. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலை ஆசையாக வரைந்தால் கலசம் மணலில் குத்தி நிற்கிறது. பழைய படக்குழாய்த் திரையில் மின்கற்றை மேலிருந்து கீழே வரிவரியாக ஓடியதன் மிச்சம் இந்த வழக்கம். ஆசிரியர் இரண்டு நிமிடம் இதைச் சொன்னால் போதும். சொல்லாவிட்டால் ஒரு மாலை வீணாகும்.

பந்து ஒன்றை இடமிருந்து வலமாக ஓடவிடும் பயிற்சியில் இன்னொரு விபத்து. சுழற்சி ஒன்று எழுதி, ஒவ்வொரு நகர்வுக்கும் நடுவில் நிரலைக் கொஞ்சம் தூங்கவைப்பார்கள். பந்து நகராது, ஜன்னல் வெளுத்து, ‘பதிலளிக்கவில்லை’ என்று தலைப்பில் வரும். சுழற்சி முடியும்வரை நிரல் வேறு எந்தச் செய்தியையும் கேட்கவில்லை, ‘மறுபடி வரை’ என்ற செய்தியையும் சேர்த்து. ஐந்து விநாடி பார்த்துவிட்டு விண்டோஸ் அதைச் செத்ததாகக் கணக்கில் வைத்துக்கொள்கிறது. கடிகாரச் செய்தி ஒன்றைக் கேட்டு, அது வரும்போதெல்லாம் ஓரடி நகர்த்துவதுதான் வழி.

தமிழில் எழுதிப் பார்க்க ஆசைப்பட்டால் கதை வேறு. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் மேட்பிளாட்லிப் என்ற பைத்தான் நூலகம் கொண்டு கோட்டு வரைபடம், பட்டை வரைபடம் வரைவது பாடமாகவே இருக்கிறது. பட்டையின் கீழே ‘கொடைக்கானல்’ என்று பெயரிட்டால் வெறும் கட்டங்கள் வரும், ஏனென்றால் அதன் இயல்பான எழுத்துருவில் தமிழே இல்லை. தமிழ் எழுத்துரு ஒன்றைத் தேடிப்பிடித்துக் கொடுத்த பிறகும் பல பதிப்புகளில் ‘கொ’ சிதறும். ககரத்துக்கு முன்னால் வரவேண்டிய கொம்பு பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் வரிசை வேறு, திரையில் நிற்கும் வரிசை வேறு. அந்த இடமாற்றத்தைச் செய்ய ஹார்ஃப்பஸ் போன்ற தனி நிரல் வேண்டும். படம் வரையும் நூலகங்கள் பலவற்றில் அது நெடுங்காலம் சேர்க்கப்படவில்லை. இந்தக் கோளாறு தமிழ் மாணவருக்குத்தான் கண்ணில் படும். ஆகவே அவருக்குத்தான் இதைப் பாடமாக நடத்தவேண்டும்.

இத்தனைக்கும் நல்ல வழிகாட்டி தூரத்தில் இல்லை. நாவலூருக்கு வடமேற்கே தாம்பரத்திலுள்ள சென்னை கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974இல் கோலத்தைப் பற்றி ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள். கணினி வரைகலைக்கான சர்வதேச இதழில் வந்தது. வாசலில் பெண்கள் போடும் கோலத்தைச் சில எளிய விதிகளாக எழுதிவிடலாம், அந்த விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் சிறிய கோலத்திலிருந்து பெரியது வளரும் என்பது அதன் சாரம். கிஃப்ட் சிரோமணி 1988இல் மறைந்தார். அடுத்த ஆண்டு வந்த நினைவுத் தொகுப்பில், தாவரங்களைக் கணினியில் வளர்த்துக் காட்டியதற்காகப் பெயர்பெற்ற பிரெமிஸ்லாவ் புருசின்கியெவிச், கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, அதே தாவர விதிகளால் கோலமும் கர்நாடக இசையும் பிறப்பதைக் காட்டினார்.

படத்தைப் படமாக வைத்துக்கொள்ளாதே, அதன் விதியை வைத்துக்கொள் என்று தாம்பரத்துக்காரர்கள் அன்று சொன்னதற்கும், ‘மறுபடி வரை’ என்று விண்டோஸ் கேட்பதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முதல் பயிற்சியாக 1, 3, 5, 7, 5, 3, 1 என்று 25 புள்ளிக் கோலம் ஒன்றைக் கொடுக்கலாம். புள்ளிகள் ஒரு பட்டியலில், கோடுகள் இன்னொன்றில். ஜன்னலைப் பெரிதாக்கினால் கோலமும் நடுவில் நின்று பெரிதாக வேண்டும். கீழே தமிழில் ஒரு தலைப்பு. மேலே சொன்ன தலைவலிகளில் முக்கால்வாசி இந்த ஒரே பயிற்சிக்குள் வந்துவிடும், பிள்ளைக்கும் கடைசியில் அம்மாவிடம் காட்ட ஒரு படம் மிஞ்சும்.

எல்லாம் கைப்பேசிக்குப் போய்விட்டது, கணினிச் செயலியை ஏன் கட்டி அழவேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்கேன் சென்டரில் படம் பார்க்கும் திரையும், பொறியாளர் வரைபடம் போடும் செயலியும் இன்னும் மேசைக் கணினியில்தான் இருக்கின்றன. தவிர, ஆண்ட்ராய்டிலும் சொந்தமாகப் படம் வரையவேண்டுமென்றால் இதே கதைதான்: அமைப்பு கூப்பிடும்போது வரைந்து கொடுக்கவேண்டும். செயற்கை நுண்ணறிவே நிரலை எழுதித் தருகிறதே என்பது இன்னொரு வாதம். தரட்டும். அந்த நிரலிலும் வட்டம் மறைந்தால், எதைக் கேட்டுத் திருத்தச் சொல்வது என்றாவது தெரியவேண்டாமா?

லேப் எக்ஸாமில் தேர்வாளர் செய்யக்கூடிய சின்ன மாற்றம் ஒன்று இருக்கிறது. அவுட்புட்டைப் பார்த்ததும் கையெழுத்துப் போடாமல், ஜன்னலைச் சுருக்கி, விரித்து, ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு மதிப்பெண் போடலாம். கல்லூரிக்கு இதில் செலவு எதுவும் கிடையாது. பைத்தானை விண்டோஸில் நிறுவினால் டிகே-இன்டர் கூடவே வந்துவிடும். உபுண்டு போட்ட லேப் என்றால் மட்டும் அது தனிப் பொதியாக இருக்கும். தேர்வுக்கு முந்தின நாளே யாராவது நிறுவி வைப்பது நல்லது.