பீத்தோவன் வீட்டைக் காப்பாற்றிய 12 பேர்

காது கேட்காமல் போன பிறகும் அழியாத இசை அமைத்த மேதை பீத்தோவன். ஜெர்மனியில், ரைன் நதிக் கரையில் உள்ள பான் நகரில், 1770-ம் ஆண்டு அவர் பிறந்தார்.

அவர் பிறந்த வீடு இன்றும் இருக்கிறது. அது தானாகப் பிழைத்து நிற்கவில்லை. அதை இருமுறை மனிதர்கள் காப்பாற்றினார்கள்.

மதுக்கடையான வீடு

பீத்தோவன் குடும்பத்தார் அந்த வீட்டில் சில ஆண்டுகளே குடியிருந்தனர். பிறகு வீடு பலர் கைக்கு மாறியது. ஒரு சமயம் அங்கே மதுக்கடை கூட நடந்தது! கடைசியில், வீட்டை இடித்துவிடுவார்கள் என்ற நிலை வந்தது.

ஊர்க்காரர்கள் 12 பேர் ஒன்று சேர்ந்தார்கள். 1889-ல் ஒரு சங்கம் அமைத்தார்கள். வீட்டை விலைக்கு வாங்கிப் பழுது பார்த்தார்கள். 1893-ல் அது காட்சி சாலையாகத் திறக்கப்பட்டது.

இரண்டாவது ஆபத்து, உலகப் போரின்போது வந்தது. 1944 அக்டோபரில் பான் நகரின் மீது குண்டு மழை பொழிந்தது. இந்த வீட்டின் கூரையிலும் ஒரு தீக்குண்டு விழுந்தது. வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த ஊழியர்கள் தீயை அணைத்தார்கள். வீடு தப்பியது. விலைமதிப்பற்ற பொருள்களை முன்கூட்டியே வெளியூருக்குக் கொண்டு போயிருந்ததால், அவையும் தப்பின.

பீத்தோவனின் கடைசிப் பியானோவை இன்று அங்கே பார்க்கலாம். காது மந்தமான பிறகு, பேச்சைக் கேட்க அவர் காதில் வைத்துக்கொண்ட உலோகக் குழல்களும் அங்கே இருக்கின்றன.

உண்மையை மறைக்காத வீடு

ஐசனாக் என்ற ஊரில் இன்னொரு வீடு. 1685-ல் அந்த ஊரில் பிறந்த செபாஸ்டியன் பாக் என்ற இசை மேதைக்காக, 1907-ல் அதைக் காட்சி சாலை ஆக்கினார்கள். அவர் பிறந்தது அந்த வீட்டில்தான் என்று அப்போது எல்லோரும் நம்பினார்கள்.

பின்னால் ஆராய்ந்தபோது, பாக் குடும்பம் குடியிருந்தது வேறு தெருவில் என்று தெரிந்தது!

அதற்காகக் காட்சி சாலையை மூடவில்லை. உண்மையை ஒளிக்கவும் இல்லை. வருகிறவர்களிடம் உள்ளதைச் சொல்கிறார்கள். பழைய வாத்தியங்களை எடுத்து, பாக் காலத்து ஓசை எப்படி இருந்தது என்று வாசித்தும் காட்டுகிறார்கள்.

இசை மேதையின் வீடு என்றால் சுவரும் நாற்காலியும் மட்டும் போதாது. காதுக்கு இசை வேண்டும். ஐசனாக் மக்கள் அதைப் புரிந்துகொண்டார்கள்.

சிலையைப் பெயர்த்தார்கள்

லீப்சிக் நகரத்தின் கதை வேதனையானது. மெண்டல்சன் என்ற மேதை அந்த நகரில் வாழ்ந்து, 1847-ல் காலமானார். நகர மக்கள் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

ஆனால் அவர் யூத குலத்தில் பிறந்தவர். ஹிட்லர் ஆட்சியில், 1936-ல், அந்தச் சிலையைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள்! மனம் பொறாத மேயர் கோர்டலர் பதவியை விட்டு விலகினார்.

மெண்டல்சன் கடைசியாகக் குடியிருந்த வீடும் கவனிப்பார் இல்லாமல் பாழடைந்தது. இசைக்குழுத் தலைவர் குர்த் மசூர் அதைக் காப்பாற்றப் பாடுபட்டார். 1997-ல் வீடு காட்சி சாலையாகத் திறக்கப்பட்டது. 2008-ல் சிலையும் புதிதாக எழுந்தது.

இடிந்த சுவரைப் பணம் கொடுத்துக் கட்டிவிடலாம். ஒரு கலைஞனை அவன் பிறந்த குலத்துக்காக வெறுக்கும் நாட்டில் அந்தக் கலை எப்படி வாழும்? லீப்சிக் தரும் பாடம் இதுதான்.

பூட்டிய கதவு

2020-ல் பீத்தோவனின் 250-வது பிறந்த ஆண்டு. பான் வீட்டைப் புதுப்பித்து விழாவுக்குத் தயாராக இருந்தார்கள். கொரோனா வந்தது. கச்சேரிகள் நின்றன. காட்சி சாலைகளைப் பூட்டினார்கள். விழாவை 2021 வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று.

அந்த நாட்களில் கைகொடுத்தது முன்யோசனை. பீத்தோவன் கைப்பட எழுதிய இசைத் தாள்களைப் படம் பிடித்து, உலகில் எவரும் கணினியில் பார்க்கும்படி முன்பே செய்து வைத்திருந்தார்கள்.

படம் இருந்தால் வீடு எதற்கு என்று சிலர் கேட்கலாம். படம் தாளைக் காட்டும். ஒரு ஏழைப் பாடகரின் மகன் பிறந்த சிறிய அறையைக் கண்ணால் கண்டால், “எளிய வீட்டிலிருந்தும் மேதை வருவான்” என்ற நம்பிக்கை குழந்தைக்கும் பிறக்கும்.

வீடு, வாத்தியம், தாள் மூன்றையும் காக்க வேண்டும். அவற்றை உயிரோடு வைப்பது இசைதான். லீப்சிக் வீட்டில் ஞாயிறு காலைகளில் கச்சேரி நடக்கிறது. மெண்டல்சன் வாழ்ந்த வீட்டிலேயே அமர்ந்து ஜனங்கள் இசை கேட்கிறார்கள்.