அமைதியான கரையையும் அளக்க வேண்டும்

மாணவர்களே, இடி பக்கத்தில் விழுந்தால் ‘படார்’ என்று வெடிக்கிறது. தொலைவில் விழுந்தாலோ ‘குடுகுடு’ என்று உருளுகிறது. ஏன்? வழியிலுள்ள காற்று விரைவான அதிர்வுகளையே அதிகம் விழுங்கிவிடுவது அதற்கு ஒரு காரணம்.

மண்ணும் இவ்வாறே செய்கிறது. நிலநடுக்கத்தின்போது தரையைப் பக்கவாட்டில் உலுக்கும் குறுக்கலைதான் கட்டடங்களுக்குப் பெரும் பகை. அது மண்ணுக்குள் வரும்போது துகள்கள் உராய்கின்றன. ஒவ்வோர் அதிர்விலும் ஆற்றலில் ஒரு பங்கு வெப்பமாகிறது. நொடிக்குப் பத்து முறை அதிரும் அலை, ஒரே முறை அதிரும் அலையைவிட முன்னதாகச் சோர்ந்துவிடும்.

“அப்படியானால் ஆழமான மண் நமக்குக் கவசம்தானே?” என்பீர்கள். பாதிதான் உண்மை. மென்மையான மண்ணில் அலையின் வேகம் குறையும், வீச்சு பெருகும். 1985-இல் மெக்சிகோ நகரில் பழைய ஏரிப்படுகை மீது நின்ற கட்டடங்கள் சரிந்தன. நிலநடுக்கம் தோன்றிய இடமோ முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால்! 2001 பூஜ் நிலநடுக்கத்தில், இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் சபர்மதி வண்டல் மீதுள்ள அகமதாபாத்திலும் மாடி வீடுகள் விழுந்தன.

பெருக்கமா, சோர்வா, எது வெல்லும்? அளந்தால்தான் தெரியும்.

இராமநாதபுரம், இராமேசுவரம் கரையோரம் மணலும் வண்டலும் நிறைந்தது. நிலநடுக்க வரைபடத்தில் நெடுங்காலம் குறைந்த அபாயப் பகுதியாகவே இருந்தது. “பிறகு எதற்கு வீண் செலவு?” என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. புயல் வந்தபின் காற்றுமானி வாங்குவார் உண்டா? 2025-இல் திறந்த புதிய பாம்பன் பாலத்தின் தூக்குப் பகுதி மட்டும் 72.5 மீட்டர். நீண்ட பாலங்களும் உயர்ந்த கட்டடங்களும் மெதுவான ஆட்டத்துக்கே அதிகம் அசையும். மண் எளிதில் விழுங்காத ஆட்டமும் அதுவே.

அளக்கும் முறை எளியது. ஆழ்துளை ஒன்றின் அருகே பாரம் ஏற்றிய பலகையை வைத்து, அதன் பக்கத்தில் சம்மட்டியால் அடிப்பார்கள். துளைக்குள் இறக்கிய அதிர்வுமானி வெவ்வேறு ஆழங்களில் அலையைப் பதியும். அலை பரவுவதால் இயல்பாக ஏற்படும் குறைவைக் கழித்துவிட்டு, எந்த அதிர்வு எவ்வளவு தேய்ந்தது என்று கணக்கிடலாம். 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பின் ஜப்பான் சுமார் 700 இடங்களில் துளையின் அடியிலும் தரையிலும் கருவிகளை நிறுவி, வருகிற ஒவ்வொரு நடுக்கத்தையும் ஒப்பிடுகிறது.

தண்ணீருக்காக எத்தனையோ துளைகள் போடும் மாவட்டம் இது. அறிவுக்காகவும் இரண்டொன்று போடக்கூடாதா? நீங்களே சொல்லுங்கள்.