காணொளி திக்குவது யாருடைய குற்றம்?

“காணொளி ஓடவில்லை, ஐயா” என்று மாணவர் கூறினால் சாக்கென்றே எண்ணுவேன். பின்னர் என் மகளுக்கே அது நேர்ந்தது. உடனே கூடுதல் வேகத் திட்டத்திற்கு மாறினேன். மாடியறையில் காணொளி முன்போலவே திக்கியது.

மடிக்கணினியை மோடத்துடன் கம்பிவடத்தால் நேரடியாக இணைத்துப் பார்த்தேன். வேகத்தில் குறையே இல்லை! குறை, மெஷ் வைஃபையின் இரண்டாவது கருவியை அலை எட்டாத அந்த அறையிலேயே வைத்ததில்தான். 5 கிகாஹெர்ட்ஸ் அலை செங்கற்சுவர்களைத் தாண்டுகையில் வெகுவாக மெலியும். மெலிந்து வந்ததையே அக்கருவி மறுபடியும் பரப்பும். பாடத்தை அரைகுறையாகக் கேட்டவர் அடுத்தவருக்குக் கற்பிப்பதுபோல.

மாடிப்படியருகே, பாதி வழியில் மாற்றி வைத்தேன்; திக்கல் நின்றது. இரு கருவிகளையும் கம்பிவடத்தால் இணைத்தால் இன்னும் நன்று. வேகத்தை விலைக்கு வாங்குமுன் இதைச் சோதியுங்கள் என்பேன். நானோ ஒப்பந்தம் முடியும்வரை மாதந்தோறும் கூடுதல் வெள்ளி கட்டிக்கொண்டிருக்கிறேன்.