பிள்ளைகள் சொல்வழி கேட்பதில்லையா? நாம் கேட்கிறோமா?



கொஞ்சம் நீண்ட பதிவு. கோபம் வந்தாலும் கடைசி வரை வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

நம்ம ஊரில் பள்ளிவாசலில் கூடினாலும், கோயில் கமிட்டி கூடினாலும், தோட்டத்தில் தலைவர்மார் கூடினாலும் ஒரு வசனம் தவறாமல் வரும்: "இந்தக் காலத்துப் பிள்ளைகள் சொல்வழி கேட்பதில்லை." உடனே ஒரு தீர்மானமும் வரும்: இளைஞர்களுக்கு ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் வைப்போம்.

அந்தக் கூட்டம் எப்படி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, பொன்னாடை, போட்டோ. இரண்டு மணித்தியாலம் போய்விடும். கடைசியில் ஒருவர் மைக்கில் "கேள்வி ஏதும் இருக்கா?" என்பார். அதே மூச்சில் "நேரம் போதாமையினால் நன்றியுரைக்குப் போவோம்" என்பார். பின்வரிசையில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து போன் பார்த்த பிள்ளைகள் எழும்பிப் போவார்கள். இதற்குத்தான் நாம் இளைஞர் பணி என்று பெயர் வைத்திருக்கிறோம்.

ஆசிரியர்களாகிய நாங்களும் இதில் குற்றவாளிகள்தான். மற்றவர்களைச் சொல்வதற்கு முன் எங்கள் கதையைச் சொல்லிவிடுகிறோம்.

சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஒரு மாணவன் வருவதை நிறுத்திவிட்டான். நாங்கள் மூன்று பேர் லயத்துக்குத் தேடிப் போனோம். இஸ்தோப்பில் சுவரில் சாய்ந்து நின்றான். கல்வியின் பெருமையில் தொடங்கி, வெளிநாட்டில் வேலை செய்யும் அவனுடைய அம்மாவின் கஷ்டம் வரை அரை மணித்தியாலம் மாறி மாறிப் பேசினோம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். திரும்பும்போது அவனுடைய அம்மாயி சொன்னார்: "மூணு பேரும் நல்லாத்தான் பேசுனீங்க சேர். அவன் வாயே தொறக்கலியே."

அடுத்த கிழமை அவன் கொழும்பு பஸ்ஸில் போய்விட்டான். பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்கு ஒரு கடைக் கடன் இருந்திருக்கிறது. பள்ளிக்கூடம் வரும் வழியில்தான் அந்தக் கடை. தினமும் நாலு பேர் முன்னால் கூப்பிட்டுக் கேட்பார்களாம். அந்த வெட்கத்தில் பாதையை விட்டான், பள்ளிக்கூடத்தையும் விட்டான். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்தால் தவணையில் கட்டி முடித்திருக்கக்கூடிய கடன். "என்னப்பா நடந்துச்சு?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு, அவன் பேசும் வரை சும்மா இருந்திருந்தால் தெரிந்திருக்கும். எங்களுக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை.

"காது கொடுத்தால் தலைக்கு மேல் ஏறிவிடுவாங்க சேர்" என்று சிலர் சொல்வீர்கள். அபூ உமாமா (ரழி) அறிவித்து, முஸ்னத் அஹ்மதில் பதிவான சம்பவத்தை நினைத்துப் பாருங்கள். ஓர் இளைஞன் நபி (ஸல்) அவர்களிடம் வந்து விபசாரத்துக்கு அனுமதி கேட்கிறான். சுற்றி இருந்தவர்கள் அதட்டுகிறார்கள். நபியவர்கள் அவனைப் பக்கத்தில் வரச் சொல்லி உட்கார வைக்கிறார்கள். உன் தாய்க்கு இதை விரும்புவாயா, மகளுக்கு, சகோதரிக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். பதிலை அவன் வாயாலேயே சொல்ல வைக்கிறார்கள். கடைசியில் அவன் மேல் கை வைத்து துஆச் செய்கிறார்கள். அனுமதி கொடுத்தார்களா? இல்லை. அவமானப்படுத்தினார்களா? அதுவும் இல்லை. கேட்பது வேறு, தலையாட்டுவது வேறு. அந்த இளைஞன் இன்றைக்கு நம்ம பள்ளிவாசலுக்கு வந்து அதே கேள்வியைக் கேட்டால் நாம் என்ன செய்வோம்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

மலையகத்துக்கும் இது புதிய பாடம் இல்லை. வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலத்தில் கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேஷத்தில் லயங்களுக்குப் போனார். தொழிலாளர் நிலையை நேரில் கண்டும் கேட்டும் அறிந்தார். 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தது அதற்குப் பிறகுதான். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை, மக்களுக்குப் பழகிய மெட்டில் பாட்டுக் கட்டி கூட்டங்களில் பாடினார். மக்கள் இருக்கும் இடத்துக்குப் போனார்கள், மக்களின் பாஷையில் பேசினார்கள். நாமோ மண்டபத்தில் இருந்துகொண்டு பிள்ளைகள் வரவில்லை என்கிறோம்.

இந்த நாடும் கேட்காமல் இருந்து பட்டிருக்கிறது. தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்துக்கு 1979இலேயே சட்டம் வந்தது. அதற்குப் பத்து வருடத்துக்குள் தெற்கு இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அதன் பின்புதான் ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று இளைஞர்களின் குறைகளைக் கேட்டு 1990இல் அறிக்கை கொடுத்தது. உள்ளூராட்சி வேட்புமனுவில் 40 சதவீதம் இளைஞருக்கு என்ற சட்டமும் அதன் பிறகே வந்தது. சட்டம், மன்றம், கழகம் எல்லாம் இருந்தும் காது இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? நம்ம கழகங்களைப் பாருங்கள். பதிவு இருக்கிறது, ஜேர்சி இருக்கிறது, வருடத்துக்கு ஒரு மெச் இருக்கிறது. பேச்சு இருக்கிறதா?

இன்னொரு வேதனையும் இருக்கிறது. பள்ளிவாசல் பிள்ளைகள் ஒரு குழு, கோயில் பிள்ளைகள் ஒரு குழு, பன்சலைப் பிள்ளைகள் ஒரு குழு. 2018 மார்ச்சில் திகனையில் கடைகள் எரிந்தபோது அரசாங்கம் பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் தடுத்தது. வதந்தியை நிறுத்த அப்படிச் செய்தார்கள். ஆனால் வதந்தி வரும்போது "மச்சான், இது உண்மையா?" என்று கேட்க நம்ம பிள்ளைகளில் எத்தனை பேரிடம் ஒரு சிங்களப் பையனின் நம்பர் இருந்தது? இன்று எத்தனை பேரிடம் இருக்கிறது? அந்த உறவை வளர்க்காத இளைஞர் தலைவர் எத்தனை கிண்ணம் வென்று என்ன பயன்?

ஆகவே இளைஞர் பணி செய்கிறோம் என்று சொல்லும் எல்லோரிடமும், எங்களையும் சேர்த்து, சில விடயங்களைக் கேட்கிறோம்.

பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குப் போங்கள். கிரவுண்டுக்கு, பஸ் ஹோல்ட்டுக்கு, லயத்துக்கு. நின்றுகொண்டு பேசாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

"ஏன் வரல்ல?" என்பது பொலிஸ் கேள்வி. "என்ன நடந்துச்சு?" என்பது மனிதக் கேள்வி. கேட்ட பிறகு வாயை மூடுங்கள்.

ஒருவனைத் திருத்த வேண்டுமானால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். கூட்டாளிகள் முன்னால் அவமானப்பட்டவன் திரும்பி வரமாட்டான்.

சொன்ன இரகசியத்தை டீக்கடையில் அவிழ்க்காதீர்கள். ஆனால் ஒரு பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்கிறார்கள் என்றாலோ, உயிருக்கு ஆபத்து என்றாலோ மறைக்க முடியாது என்பதை முதலிலேயே அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள். சிறுவர் பாதுகாப்புக்கு 1929, மனநல உதவிக்கு 1926. இரண்டையும் போனில் போட்டு வையுங்கள்.

பெண் பிள்ளைகள் வருவதில்லை என்று குறை சொல்வதற்கு முன், கூட்டத்தை எத்தனை மணிக்கு வைத்தோம் என்று பாருங்கள். இருட்டில் தேயிலை மலை வழியாக யார் கொண்டுபோய் விடுவது? பொழுதோடு வையுங்கள். ஒரு டீச்சரோ அக்காவோ கூட இருக்கட்டும். இரவில் தனிப்பட்ட மெசேஜ் அனுப்புவது வழிகாட்டல் இல்லை, அதை நிறுத்துங்கள்.

கடைசியாக ஒரு கோரிக்கை. அடுத்த இளைஞர் கூட்டத்துக்கு மேடை வேண்டாம், மைக் வேண்டாம், பொன்னாடை வேண்டாம். கதிரைகளை வட்டமாகப் போடுவோம். நிர்வாக சபை, கோயில் கமிட்டி, தோட்டத் தலைவர்மார், ஆசிரியர்கள் எல்லோரும் வருவோம். முதல் ஒரு மணித்தியாலம் பிள்ளைகள் மட்டும் பேசட்டும். நாம் யாரும் குறுக்கே பேசக்கூடாது. முதல் பத்து நிமிடம் யாரும் பேசாமல் இருக்கலாம். இருக்கட்டும், காத்திருப்போம். இவ்வளவு காலம் அவர்கள் நம் பேச்சைப் பொறுத்தார்களே.

கொழும்புக்குப் போன அந்தப் பையன் பெருநாளுக்கு எங்களுக்கு வாழ்த்து அனுப்பினான். இந்த முறை நாங்கள் புத்தி எதுவும் சொல்லவில்லை. "எப்படிப்பா இருக்க?" என்று மட்டும் கேட்டோம். பதில் நீண்டதாக வந்தது.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். வாசிப்போம். வஸ்ஸலாம்.