பார்த்தது வேறு, பழகியது வேறு

இன்று கொஞ்சம் நீளமாக எழுதியிருக்கிறேன். நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

நடுவானில் விமானிகள் இருவருமே மயங்கி விழுந்துவிட்டால், விமானம் ஓட்டவே தெரியாத ஒரு பயணி அதைப் பத்திரமாகத் தரையிறக்க முடியுமா? சினிமாவில் கதாநாயகன் இறக்கிவிடுவான். நிஜத்தில், நூறு இருநூறு பேரை ஏற்றிச் செல்லும் பெரிய விமானத்தைப் பயிற்சியே இல்லாத ஒரு பயணி தரையிறக்கியதாக இதுவரை ஒரு நிகழ்வுகூட இல்லை.

ஆனால் நம்பிக்கைக்குக் குறைவில்லை. 2023 தொடக்கத்தில் யூகவ் நிறுவனம் அமெரிக்காவில் ஒரு கருத்துக்கணிப்பு எடுத்தது. கட்டுப்பாட்டு அறையின் உதவி மட்டும் இருந்தால் தங்களால் முடியும் என்று ஏறத்தாழ மூன்றில் ஒருவர் சொன்னார்கள். ஆண்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர், பெண்களில் ஐந்தில் ஒருவர். நம் வீட்டுப் பெண்கள் சிரிப்பது எனக்கு இங்கே கேட்கிறது!

இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு விமானம் தரையிறங்கும் காட்சியை, நான்கு நிமிடத்துக்கும் குறைவான வீடியோவாகச் சிலருக்குக் காட்டினார்கள். அதில் விமானி என்ன செய்கிறார் என்று கற்றுக்கொள்ள எதுவுமே இல்லை. ஆனாலும் அதைப் பார்த்தவர்களுக்கு, பார்க்காதவர்களைவிட ‘என்னால் முடியும்’ என்ற எண்ணம் கூடியிருந்தது. திறமை ஒரு துளிகூட வளரவில்லை, தைரியம் மட்டும் வளர்ந்துவிட்டது.

‘அமெரிக்காவில் ஒருவர் இறக்கினாரே’ என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். 2022 மே மாதம், பஹாமாஸ் தீவிலிருந்து ஃபுளோரிடாவுக்கு வந்துகொண்டிருந்த சிறிய செஸ்னா விமானத்தின் விமானி உடல்நலம் கெட்டு நிலைகுலைந்தார். ஒரு பயணி வானொலியை எடுத்து நிலைமையைச் சொல்லி, தனக்கு விமானம் ஓட்டத் தெரியாது என்பதையும் சொன்னார். பாம் பீச் விமான நிலையத்துக் கட்டுப்பாட்டாளர் ஒருவர், விமானம் ஓட்டக் கற்றுத்தரும் பயிற்றுநரும்கூட. அந்த ரக விமானத்தின் கருவிப் பலகைப் படத்தை அச்செடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகச் சொல்லிச் சொல்லியே இறக்க வைத்தார். எல்லோரும் பிழைத்தார்கள்.

ஆனால் அந்த விமானத்தின் எடை சுமார் 4 டன்னுக்குள்தான். நாம் சென்னையிலிருந்து டெல்லிக்குப் போகும் ஏர்பஸ் போன்ற விமானம் இறங்கும்போது 60 டன் இருக்கும். ஏறத்தாழ 250 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுபாதையைத் தொடும். அதற்கு முன்பே எத்தனை தடைகள் என்று பாருங்கள். விமானி அறைக் கதவு பூட்டியிருக்கும். உள்ளே போனாலும், பேச எந்தப் பொத்தானை அழுத்துவது? கட்டுப்பாட்டுப் பிடியில் பேசுவதற்கான விசையும், ஆட்டோபைலட்டை விடுவிக்கும் பொத்தானும் ஒரே கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. உதவி கேட்கப் போய், விமானத்தை நிதானமாகப் பறக்கவைத்துக்கொண்டிருந்த கருவியையே நிறுத்திவிடலாம்.

‘இப்போதெல்லாம் விமானம் தானாகவே இறங்குமாமே?’ அதுவும் உண்மைதான். பயணிகளுடன் சென்ற விமானம் ஒன்று 1965லேயே லண்டன் ஹீத்ரோவில் தானியங்கி முறையில் தரையிறங்கியிருக்கிறது. ஆனால் அதற்கு ஏற்ற ஓடுபாதை வேண்டும். சரியான அலைவரிசை, வேகம், இறக்கையின் மடிப்புகள், சக்கரம் எல்லாவற்றையும் உரிய நேரத்தில் ஒருவர் அமைத்துக் கொடுக்கவும் வேண்டும். அந்த ஒருவர் பயிற்சி பெற்றவர்.

கொஞ்சம் தெரிந்திருந்தால்கூடப் போதாது என்பதற்கு ஒரு சோகமான சான்று உண்டு. 2005 ஆகஸ்ட் 14 அன்று, சைப்ரஸிலிருந்து ஏதென்ஸுக்குக் கிளம்பிய ஹீலியோஸ் நிறுவன விமானத்தில் காற்றழுத்தம் குறைந்து, விமானிகள் உட்பட ஏறத்தாழ எல்லோரும் நினைவிழந்தார்கள். விமானம் ஆட்டோபைலட்டில் பறந்துகொண்டே இருந்தது. பின்தொடர்ந்த போர் விமானிகள், பணிப்பெண்களோடு வேலை செய்த ஓர் ஆண் பணியாளர் விமானி அறைக்குள் வந்து உட்காருவதைக் கண்ணால் பார்த்தார்கள். அவர் விமானி உரிமம் வைத்திருந்தவர். ஆனால் எரிபொருள் தீரும் நேரம் அது. அவருடைய பலவீனமான அபயக்குரல், கறுப்புப் பெட்டியின் ஒலிப்பதிவில்தான் மிஞ்சியது. விமானத்தில் இருந்த 121 பேரும் இறந்தார்கள்.

ஆசிரியர் பயிற்சியில் எங்களை முதலில் வகுப்பைப் பார்க்கத்தான் அனுப்புவார்கள். கடைசி பெஞ்சில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருப்போம். அனுபவமுள்ள ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே, மூன்றாவது வரிசையில் யார் பேசுகிறான் என்று பெயரைச் சொல்லி அதட்டுவார். அவர் எழுதியது எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. அவர் எதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டிருந்தார் என்பது தெரியாது. திறமையில் பெரும்பகுதி இப்படிக் கண்ணுக்குத் தெரியாததுதான். அதனால்தான் பார்க்கவைத்ததோடு விடாமல், பாடக்குறிப்பு எழுதவைத்து, நாற்பது பிள்ளைகள் முன்னால் நிறுத்தி, பின்னால் ஒருவர் உட்கார்ந்து திருத்தினார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்தக் காலத்தில் வீடியோ சுரைக்காயும் உதவாது.

அமெரிக்காவில் பயணிகள் விமானத்தில் துணை விமானியாக உட்காரவே பொதுவாக 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நீண்ட பயணங்களில் சில மணி நேரம் விமானி அறையில் ஒரே ஒருவர் இருந்தால் போதாதா என்ற யோசனையை விமானத் துறையில் முன்வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் விமானப் பாதுகாப்பு முகமை இதை ஆராயவைத்தது. இருவர் இருக்கும்போது உள்ள அதே அளவு பாதுகாப்பை இதில் நிரூபிக்க முடியவில்லை என்று 2025இல் முடிவு வந்தது. எனக்கு அது சரியாகவே படுகிறது. விமானி ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் நம்மைக் காப்பாற்றுவது, வீரமுள்ள பயணி அல்ல, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு விமானி. அந்தச் சம்பளத்தை மிச்சம் பிடித்து டிக்கெட் விலையைக் குறைப்பதாகச் சொன்னால், எனக்கு அந்த மலிவு வேண்டாம்.

அப்படியானால் பயணியால் ஒன்றுமே முடியாதா? முடியும். ஃபுளோரிடா பயணி செய்ததைக் கவனியுங்கள். பதற்றப்படாமல் உதவி கேட்டார், தெரியாது என்பதை ஒளிக்காமல் சொன்னார், சொன்னதை மட்டும் செய்தார். வகுப்பில் நான் விரும்பிய மாணவன் அப்படிப்பட்டவன்தான். ‘புரியவில்லை சார்’ என்று கை தூக்கியவனுக்குச் சொல்லிக்கொடுக்க முடிந்தது. புரிந்ததுபோல் தலையாட்டியவனுக்கு யாராலும் உதவ முடியவில்லை.

இது வானத்துக்கு மட்டுமான பாடம் அல்ல. வீடியோ பார்த்துவிட்டு மீட்டர் பெட்டியைத் திறக்காதீர்கள், எலெக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். நெஞ்சு வலித்தால் பலமாக இருமினால் போதும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி நேரம் கடத்தாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். பழகியவர் ஒருவர் எங்கோ இருக்கிறார். அவரைத் தேடிக் கூப்பிடுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

உங்களில் சிலர் விமானத் துறையிலும் மருத்துவத் துறையிலும் இருக்கிறீர்கள். நான் விட்டது ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள், படித்துத் தெரிந்துகொள்கிறேன். எல்லோரும் நலமாக இருங்கள்.